ஜன்னலுக்கு மஞ்சள்

"கடைசியாக ஒரு வார்த்தை" என்று பாஸ்டர் காலேப் சொன்னதும் தங்கையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. பாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, வேதாகமத்தில் முதல் புத்தகமான ஆதியாகமத்துப் பக்கம் புரட்டப் போய்விட்டார். கடைசி வார்த்தைக்கு ஆதியாகமத்துக்கா போவான் ஒரு மனுஷன். போனால் எப்போது திரும்பி வருவது, ஆபிரகாம் இருக்கிறார், ஈசாக்கு இருக்கிறார், யாக்கோபுக்குப் பிள்ளைகளே ஒரு பட்டாளம். தங்கையா மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலியில், சபை மொத்தமும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மடியில் வேதாகமம், அதற்கு அடியில் வலது கை. கனமான புத்தகம், கை அடங்கிக் கிடக்கும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டில் மனைவி கனகபாய் போட்டுக் கொடுத்த திட்டம் என்னமோ நல்ல திட்டம்தான். கார் சபை வாசலுக்கு வந்ததும் மாத்திரை, பாட்டுகள் முடிகிறதற்குள் மருந்து ஏறிவிடும், பிரசங்கம் சுருக்கம் என்று பாஸ்டரே போனில் சொல்லியிருக்கிறார், ஏறின மருந்து இறங்குகிறதற்குள் திரையை விலக்கி, சுவர்ப்படத்து ஜன்னலுக்கு மஞ்சள் வைத்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டு வீடு வந்து சேரலாம். திட்டத்தில் ஒரே ஓட்டை, சுருக்கம் என்றால் என்னவென்று பாஸ்டருக்குத் தெரியாது. இப்போது புத்தகத்துக்கு அடியில் கட்டைவிரல் முழித்துக்கொண்டது. முதலில் கட்டைவிரல்தான் முழிக்கும், ஆட்காட்டி விரலைத் தேடிப் போய் அதோடு உரச ஆரம்பிக்கும், பீடி சுற்றுகிற பெண்கள் இலையை உருட்டுவார்களே அதே மாதிரி. தங்கையா இதுவரை பீடி குடித்ததில்லை. விரல் மட்டும் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடங்கு, என்றார் உள்ளுக்குள். அடங்கவில்லை. சபையைப் பார்த்துச் சிரித்து வைத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் பதிலுக்குச் சிரித்தார்கள், பிரசங்கத்தை ரசித்துச் சிரிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

முதுகுக்குப் பின்னால் நீலத் துணி மூடிய சுவர் இருந்தது. துணிக்குப் பின்னால் நதி. ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வளைந்து வருகிற நதி, கரையில் பைன் மரங்கள், தூரத்தில் பனி மூடின மலை, மலையடிவாரத்தில் ஓடு போட்ட ஒரு சின்ன வீடு. இந்தச் செம்மண் காட்டில் பைன் மரத்தை யார் கண்டது. ஆரம்பத்தில் ஒருமுறை ஆசையாகப் பனங்காட்டைத்தான் வரைந்தார், தேரிமணல் சாயங்கால வெயிலில் சிவந்து கிடக்கிற மாதிரி. காலண்டர் போடுகிற அச்சாபீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத நம்ம ஜனம் வாசல்ல நின்னாலே பாக்குதே, காசு குடுத்து வாங்கிச் சொவத்துல மாட்டுவானா, ஆறு போடுங்க, குளுந்த ஆறு" என்றார். அன்றிலிருந்து குளிர்ந்த ஆறுதான். வருஷா வருஷம் வேத வசனம் போட்ட வாக்குத்தத்தக் காலண்டரில் குளிர்ந்த ஆறு, வீட்டுக்கு வீடு டிவிக்கு மேலே குளிர்ந்த ஆறு, கல்யாணப் பரிசாகக் கண்ணாடி போட்ட குளிர்ந்த ஆறு. ஆற்றங்கரையில் ஒரு வீடு, வீட்டில் ஒரு ஜன்னல், ஜன்னலில் மஞ்சளாக ஒரு வெளிச்சம். அந்த மஞ்சளுக்குத்தான் ஜனம் மயங்கியது. உள்ளே யாரோ நமக்காக விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று மலேசியாவிலிருந்து ஓர் அம்மா போன் போட்டு அழுதாள். சபைகளுக்குச் சுவர்ப்படம் போடுகிறபோது அந்த ஜன்னலை மட்டும் இருட்டாக விட்டுவைப்பது அவர் வழக்கம். பிரதிஷ்டை அன்றைக்கு, ஜனம் எழுந்து நின்று பாட, ஏணியில் ஏறி ஒரே இழுப்பில் மஞ்சளை வைப்பார். எந்தப் புண்ணியவாளன் இந்த வழக்கத்தைக் கிளப்பிவிட்டது என்று யோசித்தால் வேறு யார், அவரேதான். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு ஜன்னல். மீதி நதி மொத்தத்தையும் கனகபாய் கதவைச் சாத்திக் காவல் இருக்க, மருந்து ஏறின நேரமாகப் பார்த்துப் பார்த்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாலு நாள் வேலையை ஆடி மாசம் முழுக்க இழுத்து எப்படியோ முடித்தாயிற்று. இந்த ஒரு ஜன்னல்தான் பாக்கி. அதைத்தான் எல்லாரும் பார்க்கப் போகிறார்கள்.

வேறு ஓவியனாக இருந்தால் கை நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகிறது. வயசாயிற்று, பாவம், என்பார்கள். இவர் கை அப்படி அல்ல. இது சாட்சி சொன்ன கை. தூத்துக்குடியில் போர்டு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் சாரத்திலிருந்து விழுந்து, நரம்பு நசுங்கி, வலது கை சூம்பிப்போய்த் தோளிலிருந்து தொங்கியது. கல்யாணமான புதுசு. கனகபாய்தான் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அப்போதுதான் அந்தக் கன்வென்ஷன் ஜெபக்கூட்டம், மணல் திடலில் ஜனமோ ஜனம், மேடையில் ஊழியக்காரர் ஜெபிக்க ஜெபிக்கச் சுண்டுவிரல் அசைந்தது. அசைந்தது மெய். கனவில்லை, கட்டுக்கதையில்லை, விரல் அசைந்ததைத் தங்கையா கண்ணால் கண்டார், பக்கத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். ஆனால் அன்றைக்கு அசைந்தது சுண்டுவிரல். மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர நாலு மாசம் ஆயிற்று. நாலு மாசமும் விடியற்காலையில் கனகபாய் எண்ணெயைச் சுடவைத்து, தோளிலிருந்து நகக்கண் வரை உருவி உருவி விட்டாள், அவள் உள்ளங்கை கொப்புளித்துத் தோல் உரிந்தது. மேடையில் சொல்கிறபோது அந்த நாலு மாசம் ஒரு நொடி ஆகிவிடும். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. முதல் தடவை சொன்னபோது நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லும்படி மேடையில் சீட்டு வந்தது. அடுத்த தடவை போஸ்டரிலேயே 'நொடிப்பொழுதில் சுகம் பெற்ற ஓவியர்' என்று அடித்துவிட்டார்கள். போஸ்டர் அடித்தபிறகு எண்ணெயை எங்கே கொண்டுபோய்ச் சொருகுவது. கனகபாய் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, இத்தனை வருஷம் கழித்து, பீடி சுற்றுகிற விரலை வைத்துக்கொண்டு. காலண்டரின் அடியில் அச்சடித்திருப்பார்களே, கர்த்தர் தொட்ட கை என்று. தொட்டவர் கையை எடுத்துக்கொண்டாரா. அல்லது தொட்டது மெய், இப்போது நடுங்குவதும் மெய், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா. டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நடுக்குவாதம் ஐயா, வயசுல வரதுதான், மாத்திரையை விடாம சாப்பிடுங்க" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் தங்கையாவைப் போட்டு அடித்தது. சோதனை என்றோ தண்டனை என்றோ சொல்லியிருந்தால்கூட ஜெபிக்க ஒரு வழி இருந்திருக்கும்.

யோசனையை எந்தப் பக்கம் திருப்பினாலும் காலையில் சபை வாசல் கேட்டில் நடந்ததற்கே வந்து நிற்கிறது. காரை விட்டு இறங்கி, மாத்திரையை வாயில் போட்டு இன்னும் விழுங்கக்கூட இல்லை, கேட்டில் லீலா நின்றாள். செல்வலீலா, பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கிற பெண், கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டே இருப்பாள். சிரித்த முகமாக வந்தாள். "அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன வேண்டாம்னு சொல்லிட்டேன், நேத்துதான் போன் போட்டுச் சொன்னேன்." வாயில் மாத்திரை கரைந்து கசந்தது. ஏம்மா என்று கேட்பதற்குள் அவளே சொன்னாள். "டாக்டரு ஏசுதாரு, இதுக்கு மேல தள்ளிப்போடக் கூடாது, கெட்ட கட்டியா இருக்கும்னு பயமா இருக்குங்காரு. ஆனா நீங்க அன்னைக்குக் கை வச்சீங்கள்லா, கரண்டு மாதிரி அதிர்ந்து இறங்குச்சு. எனக்குத் தெரியும் அண்ணாச்சி." அன்றைக்கு என்றால் போன மாசம், வீட்டுக்கு வந்திருந்தாள், கனகபாய் காப்பி போட உள்ளே போயிருந்தாள், இந்தப் பெண் திடீரென்று முட்டங்கால் போட்டு அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். மருந்து இறங்கியிருந்த நேரம். கட்டியின் மேல் கை தடதடவென்று ஆடியது, நிறுத்தப் பார்த்தார், நிறுத்தப் பார்த்தால் இன்னும் அதிகமாக ஆடும். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா, இது வியாதி, என்று மூணு சொல். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. வெட்கம். வெட்கத்தோடு, அதைவிட மோசமாக, ஒரு சந்தோஷம், அவள் சொல்வது ஒருவேளை உண்மையாக இருந்தால் என்று ஒரு கேடுகெட்ட சந்தோஷம். கேட்டில் நின்று இன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பாஸ்டர் மாலையோடு வந்துவிட்டார், போட்டோக்காரன் வந்துவிட்டான், லீலா கூட்டத்தில் பின்னால் போய்விட்டாள். இப்போது பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில், கனகபாய்க்கு அடுத்த நாற்காலியில் இருக்கிறாள். தலைப்பை இழுத்து மூடவில்லை. கழுத்து திறந்து தெரிகிறது. சுகமாகிவிட்டது என்று தீர்மானித்தவள் எதற்கு மூடப்போகிறாள்.

ஆண்டவரே, இந்த ஜன்னலை மட்டும் வைக்கவிடும். ஜெபம் என்னவோ இப்படித்தான் ஆரம்பித்தது, நடுவழியில் வேறு மாதிரித் திரும்பிக்கொண்டது. ஜன்னலை நன்றாக வைத்துவிட்டால் லீலா என்ன நினைப்பாள். ஆஹா, கர்த்தர் தொட்ட கை, ஒரு கோடு பிசகவில்லை, நான் எடுத்த முடிவு சரி என்பாள். கை ஆடி எல்லாம் குளறுபடியாகிவிட்டால்? தங்கையா மதிப்பு போகும், காலண்டர் போகும், முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருக்கிற அச்சாபீஸ்காரர் அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பார், போகட்டும், ஆனால் லீலாவுக்கு உண்மை தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போவாள். அப்படியானால் கை ஆடட்டும் என்றல்லவா ஜெபிக்கவேண்டும். அந்த ஜெபம் வாயில் வரமாட்டேன் என்கிறது. அவ்வளவு நல்லவன் இல்லை நான் என்று நினைத்துக்கொண்டார். சட்டைப் பையில் இன்னொரு மாத்திரை இருக்கிறது, பட்டையை வெட்டி ஒன்றே ஒன்றாகக் கனகபாய் போட்டுக் கொடுத்திருந்தாள். பாஸ்டர் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது. எட்டிக் கேட்டால் கொடுப்பார். அத்தனை பேருக்கு முன்னால் மாத்திரையா, அற்புதம் நடந்த கைக்கு மாத்திரையா. நாலாம் விரலும் இப்போது சேர்ந்துவிட்டது, வேதாகமம் மடியில் லேசாகக் குதிக்கிறது. கனகபாய் பார்த்துவிட்டாள். அங்கிருந்தே புருவத்தால் கேட்கிறாள், என்ன செய்யுது. ஒண்ணுமில்லை என்று தலையை அசைத்தார். அவளிடம் போய் ஒண்ணுமில்லையாம். அவள் கைப்பையைத் திறந்து தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது. பாஸ்டர் குரல் உயர்ந்தது, தணிந்தது, "ஆமென்" என்றது, சபை "ஆமென்" என்றது. கீபோர்டு ஆரம்பித்தது. "நம்முடைய தேவமனிதர் தங்கையா ஐயா இப்போது ஜன்னலுக்கு வெளிச்சம் வைப்பார்" என்று பாஸ்டர் சொல்ல, இரண்டு பேர் நீலத் துணியை இழுத்தார்கள். ஹா என்று ஒரு மூச்சு சபை முழுக்க எழுந்தது. எத்தனை படம் போட்டாலும் அந்த மூச்சைக் கேட்க அவருக்குப் பிடிக்கும். இன்றைக்கு அதைக் கேட்டதும் வேதாகமத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஏணியில் மூன்று படி ஏறினால் போதும். இடது கையால் ஏணியைப் பிடித்தாகவேண்டும், ஆகையால் வலது மணிக்கட்டைப் பிடிக்க ஆளில்லை, இதை யாரும் யோசிக்கவில்லை, கனகபாய்கூட யோசிக்கவில்லை. மஞ்சள் குழைத்த கிண்ணத்தைச் சபை மூப்பர் தூக்கிப் பிடித்தார். தூரிகையை முக்கி எடுத்தபோதே கிண்ணத்தின் விளிம்பில் டக் டக் டக் என்று தட்டியது. கேட்டிருக்காது, பாட்டுச் சத்தம். முழங்கையைச் சுவரில் ஊன்றினார். ஊன்றினால் நிற்கும் என்று சில நேரம் உண்டு. மணிக்கட்டுக்கு மேலே நின்றது, மணிக்கட்டுக்குக் கீழே வேறு யாருடையதோ மாதிரி ஆடியது. ஜன்னல் கண்ணுக்கு நேரே இருட்டாக இருந்தது. அந்த வீட்டுக்குள் இத்தனை வருஷமும் யாரை உட்காரவைத்தாய் என்று யாரோ கேட்டால் சொல்ல அவருக்குத் தெரிந்திருக்கும், எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி, வேறு யார், ஆனால் யாரும் கேட்டதில்லை. தூரிகையைக் கொண்டுபோனார். கை துள்ளியது. மஞ்சள், வீட்டு ஓட்டின் மேல் ஒரு கீற்று, பைன் மரத்தில் ஒரு கீற்று, நதியில் இரண்டு சொட்டு. ஜன்னலில் ஒன்றும் இல்லை. பாட்டு நின்றுவிட்டது. இதோ, போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தார், நினைத்தபோது தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கினது கூட உண்மை. அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெண் குரல் வீறிட்டது. "கையப் பாருங்க, அபிஷேகம் இறங்குது." அவ்வளவுதான். சபை பொங்கிவிட்டது. அல்லேலூயா என்று ஒரு பக்கம், அந்நிய பாஷை ஒரு பக்கம், கைகளைத் தூக்கித் தாங்களும் நடுங்குகிறவர்கள் ஒரு பக்கம், பாஸ்டர் மைக்கைப் பிடித்து, "வல்லமை, தேவ வல்லமை, ஒரு மனுஷனுடைய சரீரம் இதைத் தாங்குமா" என்று அழுதார். நிஜமாகவே அழுதார், அந்த மனுஷனிடம் கள்ளம் கிடையாது. தங்கையா ஏணியில் திரும்பிப் பார்த்தார். நாலு மாதிரி பயந்தார், ஐந்தாவதாக இப்படி ஒன்று நடக்கும் என்று பயப்படத் தெரியவில்லையே. ஒன்றுமே செய்யவேண்டாம் இப்போது. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினால் போதும். ஆயுசுக்கும் நடுங்கலாம், ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், அடுத்த காலண்டர் இன்னும் அதிகமாகப் போகும். இரண்டாம் வரிசையில் லீலா எழுந்து நின்றாள். கன்னமெல்லாம் தண்ணீர். ஒரு கை மேலே, ஒரு கை கழுத்துக் கட்டியின் மேல். அவ்வளவு சந்தோஷமான முகத்தைத் தங்கையா பார்த்ததே இல்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

இறங்கினார். "மைக்கக் குடுங்க பாஸ்டர்." இரண்டு கையாலும் பிடித்தும் மைக் பல்லில் இடித்தது, அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டுக் கொஞ்சம் பேர் அடங்கினார்கள். "இது அபிஷேகம் இல்ல" என்றார். மீதிப் பேரும் அடங்கினார்கள். "நடுக்குவாதம்னு சொல்லுதாங்க. ரெண்டு வருஷமா இருக்கு. டாக்டர்ட்டக் காட்டி மாத்திரை சாப்பிடுதேன். காலம்பற போட்டது இறங்கிட்டு, இப்ப ஒண்ணு போடணும். கனகம், தண்ணி கொண்டா." பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தேவன் தம்முடைய பிள்ளைகளைத் தாழ்த்துகிற விதம் என்று ஏதோ, ஆனால் கனகபாய் அதற்குள் தொட்டிப் படி ஏறி வந்துகொண்டிருந்தாள். பையிலிருந்து மாத்திரையை எடுக்க விரலுக்கு வரவில்லை. அவள்தான் எடுத்தாள், பட்டையைப் பிரித்தாள், வாயில் போட்டாள், பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாள். சட்டையெல்லாம் தண்ணீர். சபை பார்த்துக்கொண்டிருந்தது. "அந்தக் காலத்துல விரல் அசைஞ்சது மெய்தான்" என்றார் மைக்கில், விழுங்கிவிட்டு. "மிச்சத்த நாலு மாசம் எண்ணெய் போட்டு இவ தேச்சா. அத நான் உங்கள்ட்டச் சொல்லல." கனகபாய் குனிந்துகொண்டு பாட்டில் மூடியைத் திருகினாள், மூடி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. "அப்போ ஐயா, ஜன்னலு" என்று மூப்பர் கிண்ணத்தோடு நின்றார். "மருந்து ஏற அரை மணி ஆகும். இருக்க முடிஞ்சவங்க இருங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கையா தொட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், கையை முட்டியின் மேல் வைத்துக்கொண்டு, மேலே புத்தகம் இல்லாமல். அச்சாபீஸ்காரர் செல்லை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். கொஞ்சம் பேர் எழுந்து பிரியாணிப் பக்கம் போனார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் போகவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

லீலா வந்தாள். முகம் துடைத்திருந்தாள், சந்தோஷத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். படிக்குக் கீழே நின்று அவர் கையையே பார்த்தாள். "அப்போ அன்னைக்கு என் கழுத்துல வச்சப்ப நடுங்குனது?"

"இதுதாம்மா."

"கேட்டுல வச்சு நான் சொன்னேனே அண்ணாச்சி. அப்பவாது வாயத் திறந்திருக்கலாம்லா."

"திறந்திருக்கணும்" என்றார் தங்கையா. திட்டுவாள் என்று நினைத்தார், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். அவள் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். அது ஒன்றைத்தான் அவரால் தாங்கமுடியாமல் போனது, தலையைக் குனிந்துகொண்டார். கனகபாய் நகர்ந்து படியில் இடம் விட்டாள், லீலா உட்கார்ந்தாள். தலைக்கு மேலே சுவர் முழுக்க நதி, அங்கங்கே மஞ்சள் சிதறல், நடுவில் இருட்டாக ஒரு ஜன்னல். லீலா கனகபாயிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, செவ்வாய்க்கிழமைக்கு என் எடத்த வேற யாருக்கும் குடுத்திருப்பாங்களோ?"

"கேட்டாத்தான தெரியும். நம்பர் இருக்கா? போடு. நானும் கூட வாரேன்."

லீலா செல்லை எடுத்தாள். எண்ணைத் தப்பாக அழுத்தி அழித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மணி போகிற சத்தம் தங்கையாவுக்குக் கேட்டது. எடுக்கமாட்டார்களோ என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஏணியில் நின்றபோதுகூட இவ்வளவு பயமில்லை. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"சிஸ்டர், நான் செல்வலீலா பேசுதேன்" என்றாள். "நேத்து ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னேன்லா, அந்த லீலாதான்."